சாங்கியில் விமானம் மாறும் நேரத்தில் கோப்பிக்கடைச் சாப்பாடு

சென்னை, திருச்சி, மதுரை, கொழும்பு என்று எங்கிருந்து கிளம்பினாலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் பக்கம் போகிற தமிழர்களில் நிறையப் பேர் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார்கள். அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் மூன்று மணி நேரமோ ஆறு மணி நேரமோ காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில், எந்த ஊரிலும் கிடைக்கிற பர்கரைத் தின்றுவிட்டுப் போவது பெரிய இழப்பு. சிங்கப்பூரின் காலைச் சாப்பாடு, அதாவது காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் வைத்த ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கோப்பி என்று அவர்கள் சொல்லும் காபி மூன்றும், பத்து நிமிடத்தில் மேசைக்கு வரும். இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து எழுந்துவிடலாம். விமானம் மாறுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு அந்த ஊரில் இல்லை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

பயணச்சீட்டில் இருக்கும் இடைவெளி முழுவதும் உங்கள் கையில் இருக்காது. விமானம் தரை தொட்டு, வாசலுக்கு வந்து, நீங்கள் வெளியே கால் வைக்க 20 நிமிடம் ஆகும். மறுமுனையில், 1, 2, 3 ஆகிய மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. ‘வாசலில் போய் உட்கார்ந்தால் போதும்’ என்று கடைசி நேரத்தில் வந்து, அங்கே நீண்ட வரிசையைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. எனவே புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வாசலில் இருப்பதாகக் கணக்கு வையுங்கள். அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேர இடைவெளியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும். அதற்குள் குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே போகும் எண்ணம் வேண்டாம். உள்ளேயே சாப்பிடுங்கள்.

வெளியே போய் வருவதானால் எங்கள் கணக்கு இது: இறங்கிக் குடிநுழைவு தாண்ட 45 நிமிடம், ரயில் நிலையத்துக்கு நடக்க 15, கிழக்குப் பக்கத்து வட்டாரமான பிடோக்குக்கு ரயிலில் போக (காத்திருப்பும் சேர்த்து) 25, சாப்பிட 45, திரும்பி வந்து நடக்க 40, மறுபடி குடிநுழைவுக்கு 20, வாசலில் 60. கூட்டினால் 250 நிமிடம். ஐந்து மணி நேர இடைவெளியில் 50 நிமிடம்தான் கையிருப்பு. முதல் விமானம் தாமதமானால் அதுவும் போய்விடும். ஆறு மணி நேரம் இருந்தால் நிம்மதியாகப் போய் வரலாம். ஐந்தரைக்குக் குறைவு என்றால் விட்டுவிடுங்கள்.

வெளியே போக அனுமதி உண்டா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா தேவை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், நியூசிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான பயணச்சீட்டும் இருந்தால், விசா இல்லாமல் இடைவழியாக நுழையும் வசதி ஒன்று உண்டு. அதற்கு மேலும் நிபந்தனைகள் இருக்கின்றன, கடைசி முடிவு அங்கே இருக்கும் அதிகாரியுடையது. புறப்படுமுன் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. யாராக இருந்தாலும் வெளியே போவதானால் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருகிற நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். அது இலவசம். காசு கேட்கிற பக்கத்தில் நுழைந்துவிட்டால் அது அரசின் பக்கம் இல்லை என்று புரிந்துகொண்டு வெளியேறிவிடுங்கள்.

இன்னொன்று: 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டும் ஜுவல் கட்டடம் விமான நிலையத்தோடு ஒட்டி இருந்தாலும் குடிநுழைவுக்கு வெளியேதான் இருக்கிறது. ‘ஜுவலில் சாப்பிடலாம்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வந்துவிட்டு, விசா இல்லாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்க நேர்ந்தால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளேயே சாப்பிடுவது

முதல் மூன்று முனையங்களுக்கு இடையே குடிநுழைவைத் தாண்டாமலே ஸ்கைடிரெயின் என்கிற விமான நிலைய உள்ரயிலில் போகலாம். ஓரிரு நிலையம்தான், சில நிமிடங்கள். நான்காம் முனையம் தனியாக இருக்கிறது, அங்கிருந்து பேருந்தில்தான் வர வேண்டும். அங்கே இறங்கினால், சாப்பாட்டுக்காக வேறு முனையம் போவதைவிட அங்கேயே தேடுவது நல்லது.

விமான நிலையச் செயலியில் ‘காயா டோஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் எந்த முனையத்தில் எந்த மாடியில் கடை என்று காட்டும். யா குன், டோஸ்ட் பாக்ஸ், வாங் போன்ற பெயர்கள் வரும். இவற்றில் யா குன் 1944-இல் தொடங்கியது. எதில் நுழைந்தாலும் சாப்பாடு கிட்டத்தட்ட ஒன்றுதான். பசி அதிகம் இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு செட் போதும்: இரண்டு ரொட்டி அடுக்கு, இரண்டு முட்டை, ஒரு பானம். பலகையில் செட் என்று எண்ணோடு போட்டிருப்பார்கள், எண்ணைச் சொன்னாலே போதும். ஆனால் பானம் எது என்று கேட்பார்கள். நம் ஆட்கள் தடுமாறுவது அங்கேதான்.

கோப்பி சொல்லும் முறை

சிங்கப்பூர்க் கோப்பிக்கடையில் வெறுமனே ‘காபி’ என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றியது வரும். அந்தக் கொட்டை, சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்பட்டது. அதனால் நிறம் கருகருவென்று இருக்கும், கருகிய வெல்லத்தின் வாசம் வரும். நீளமான துணிப்பையில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி வடிப்பார்கள். நம் டிகாக்‌ஷன் குடித்துப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது, கொஞ்சம் முரடாக இருக்கும், அவ்வளவுதான்.

சொல்லும் வரிசை இது: முதலில் பானம், அடுத்து பால், பிறகு அடர்த்தி, பிறகு இனிப்பு, கடைசியில் ஐஸ்.

பானம்: கோப்பி என்றால் காபி, தே என்றால் தேநீர்.

பால்: ஒன்றும் சொல்லாவிட்டால் இனிப்பான கெட்டிப்பால். ‘ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். ‘சி’ என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலும் (நீரை வற்றவைத்த பால்) சர்க்கரையும்.

அடர்த்தி: ‘காவ்’ என்றால் திக்கு, ‘போ’ என்றால் லைட்டு.

இனிப்பு: ‘சியூ டாய்’ என்றால் இனிப்புக் குறைவு, ‘கா டாய்’ என்றால் கூடுதல், ‘கோசோங்’ என்றால் சர்க்கரையே இல்லை. கோசோங் மலாய்ச் சொல், வெறுமை அல்லது பூஜ்யம் என்று பொருள்.

ஐஸ் வேண்டுமானால் கடைசியில் ‘பெங்’.

ஆக, ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி. ‘தே சி சியூ டாய் பெங்’ என்றால் ஆவிப்பால் ஊற்றி, இனிப்புக் குறைத்து, ஐஸ் போட்ட தேநீர். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கோப்பி சியூ டாய்’ என்று கேட்டாலும் இனிப்பு இருக்கும், ஏனென்றால் அந்தக் கெட்டிப்பாலே இனிப்புதான். பால் வேண்டும், சர்க்கரை கூடாது என்றால் ‘கோப்பி சி கோசோங்’ என்றுதான் சொல்ல வேண்டும். நம்மூர் ஸ்ட்ராங் காபிக்கு நெருங்கியது ‘கோப்பி சி காவ்’. முதல் தடவை போகிறவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

கோப்பி தடித்த பீங்கான் கோப்பையில் வரும். மேலே கறுப்பு, அடியில் வெள்ளையாக ஒரு விரற்கடைப் பால் படிந்திருக்கும். கரண்டியால் அடியிலிருந்து மேலே மூன்று நான்கு முறை தூக்கிக் கலக்குங்கள். கலக்காமல் குடித்தால் முதல் வாய் கசக்கும், கடைசி வாய் திகட்டும். ‘இந்த ஊர்க் காபி கசப்பு’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கலக்காமல் குடித்தவர்கள். இனிப்பு மட்டாக வேண்டுமென்றால் முழுக்கக் கலக்காமல், கொஞ்சம் அடியில் நிற்கும்படி விட்டுவிடலாம்.

முட்டை

நம்மூர் ஆஃப்பாயில் தோசைக்கல்லில் ஊற்றிச் சுடுவது. இது வேறு. ஓட்டோடு சுடுநீரில் போட்டு, அடுப்பில்லாமல் மூடிவைத்து எடுப்பது. வெப்பம் வெளியிலிருந்து மெல்ல உள்ளே போவதால் வெள்ளைக்கரு இளந்தயிர் போலத் தளதளவென்று ஆகும், மஞ்சள் கரு ஓடும் பதத்திலேயே நிற்கும்.

சில கடைகளில் உடைத்துத் தருவார்கள். சிலவற்றில் மூடிய பாத்திரத்தில் சுடுநீரும் முட்டையுமாக வரும். அப்படி வந்தால் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், சூடு போய்விட்டால் வெள்ளைக்கரு நீராகவே இருந்துவிடும். எத்தனை நிமிடம் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஆறு, ஏழு நிமிடம் சொல்வார்கள். அந்த நேரம் ஆனதும் கரண்டியால் முட்டையை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் நடுவாக ஒரே தட்டு தட்டி, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து கொட்டுங்கள். ஓட்டின் உள்சுவரில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும், சின்னக் கரண்டியால் வழித்துப் போடுங்கள்.

இனி மேசையில் இருக்கும் கறுப்பு சோயா சாஸில் ஆறேழு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள் இரண்டு குலுக்கு. சோயாவிலேயே உப்பு இருப்பதால் வேறு உப்பு வேண்டாம். நிறைய ஊற்றினால் முட்டையின் மென்மை செத்துப்போய் உவர்ப்பு மட்டும் நிற்கும். மஞ்சளை உடைத்து லேசாகக் கிளறி, ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுங்கள். மீந்ததைக் கிண்ணத்தோடு வாயில் வைத்துக் குடிப்பது அங்கே சாதாரணம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கர்ப்பிணிகளும், சின்னக் குழந்தைகளும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த முட்டையைத் தவிர்க்கட்டும். முழுக்க வேகாத முட்டை அவர்களுக்கு ஆகாது. நீண்ட விமானப் பயணத்தில் வயிறு கெட்டால் பாடு பெரிது.

காயா ரொட்டியில் மெல்லிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காயாவும், குளிர்ந்த வெண்ணெய்த் துண்டும் இருக்கும். மொறுமொறுப்பு, இனிப்பு, வெண்ணெயின் குளிர்ச்சி மூன்றும் ஒரே கடியில் வரவேண்டும். அதனால் ரொட்டி வந்ததும் சாப்பிடத் தொடங்குங்கள். புகைப்படம் எடுத்து முடிப்பதற்குள் வெண்ணெய் உருகி ரொட்டி நமத்துவிடும். சைவர்கள் கவனிக்க: காயாவைத் தேங்காய் ஜாம் என்று சொல்வார்கள், ஆனால் அதில் முட்டை உண்டு. தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை, ரம்பை இலை சேர்த்துக் கிண்டியது அது. முட்டை சாப்பிடாதவர்கள் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய ரொட்டியையோ, கடலை வெண்ணெய் தடவியதையோ கேட்கலாம்.

நேரம் இருந்தால் பிடோக்

விசா இருக்கிறது, ஆறு மணி நேரமும் இருக்கிறது என்றால் நகரின் நடுப்பகுதிக்கு ஓட வேண்டாம். தேக்கா சந்தைக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் போய் வர ஆசை வருவது இயல்புதான், ஆனால் அதற்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். கிழக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிடோக் போதும். சிங்கப்பூர்க்காரர்கள் வேலைக்குப் போகும்முன் சாப்பிடுகிற இடம் அது.

கைப்பெட்டி பெரிதாக இருந்தால் நிலையத்திலேயே பொருள் வைப்பகத்தில் கட்டணம் கொடுத்து விட்டுவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில் எம்ஆர்டி என்கிற நகர ரயிலின் நிலையம் இருக்கிறது. பயணச்சீட்டு வாங்கத் தேவையில்லை. தொடாமல் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்டினால் போதும். ஒருவருக்கு ஓர் அட்டை, ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. உங்கள் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் கதவு திறக்காது.

எக்ஸ்போ தாண்டி தானா மேராவில் இறங்கி, நகரை நோக்கிப் போகும் பச்சைத் தடத்துக்கு மாறுங்கள். அடுத்த நிலையமே பிடோக். தவறுதலாக எதிர்த்திசையில் ஏறினால் சீமெய் வந்துவிடும். அங்கே இறங்கித் திரும்பி வர பத்து நிமிடம் போகும். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். நள்ளிரவில் ரயில் இல்லை. இரவு பதினொன்றுக்குப் பிறகு வந்து அதிகாலையில் கிளம்புகிறவர்கள் வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும்.

பிடோக்கில் இறங்கியதும் பேருந்து முனையத்தை ஒட்டி உணவங்காடி நிலையம், அதாவது சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம், இருக்கிறது. கிளம்பும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உணவங்காடி நிலையங்களை ஆண்டில் சில முறை கழுவுவதற்காக மூடுவார்கள். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் இணையத்தில் போட்டிருக்கும். கையில் 20 வெள்ளி ரொக்கமாக, சின்னத் தாள்களாக இருக்கட்டும். சில கடைகளில் வெளிநாட்டு அட்டை எடுக்காது. ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டையும் வேண்டும். கடைகளில் அது கிடைக்காது. தவிர, காலி மேசையில் அந்தப் பொட்டலத்தை வைத்துவிட்டு வாங்கப் போனால் ‘இடம் பிடித்தாயிற்று’ என்று அர்த்தம். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற நமக்கு இது சட்டென்று புரியும். அதேபோல் வேறொருவர் வைத்த பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு உட்காராதீர்கள்.

மதியம் 12 முதல் 1.30 வரை வரிசை நீளும். காலை பதினொன்றுக்குள் போவது நல்லது. பலகாரக் கடைகள் சில, சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும்.

என்ன வாங்குவது? எங்கள் தேர்வு ஆளுக்கு இரண்டு ரொட்டி பராட்டா. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் கொண்டுபோன பரோட்டாவின் வழிவந்தது அது. ‘கோசோங்’ என்றால் வெறும் பராட்டா, ‘தெலூர்’ என்றால் முட்டை போட்டது. கடையில் நிற்பவர் தமிழ் பேசுகிறவராகவே இருக்க வாய்ப்பு அதிகம், ‘பாய், ரெண்டு கோசோங், பருப்புக் குழம்பு’ என்று தாராளமாகத் தமிழில் கேளுங்கள். குழம்பு எது என்று சொல்லாவிட்டால் மீன் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ ஊற்றிவிடலாம். சைவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிடோக்குக்குப் பெயர் வாங்கித் தந்த பலகாரம் சுவீ குவே. அரிசிமாவைக் குட்டி வட்டக் கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் அவித்து, மேலே பொடியாக நறுக்கி வதக்கிய உப்பு முள்ளங்கியை அள்ளி வைப்பார்கள். பக்கத்தில் மிளகாய் விழுது. பார்க்க இட்லியின் தம்பி மாதிரி இருந்தாலும் புளிக்க வைக்காத மாவு, வழுவழுவென்று கொழுக்கட்டை மேல்மாவு போல இருக்கும். அந்த முள்ளங்கியைச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு. முஸ்லிம்களும் சைவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நாசி லெமாக் வாங்கினால், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, சம்பல் என்கிற மிளகாய் விழுது, பொரித்த நெத்தலி, கடலை, முட்டை, வெள்ளரி எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும், நெத்தலியை எடுத்துவிட்டால் மட்டும் அது சைவமாகிவிடாது. உறைப்பான, கனமான சாப்பாடு. பதினோரு மணி நேர விமானம் காத்திருக்கிறது என்றால் பாதித் தட்டோடு நிறுத்துங்கள், மேலே போனதும் வயிறு உப்பும்.

முழுச் சைவர்களுக்கு வழி என்ன? காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும் சிப்பிச் சாறு சேர்ந்திருக்கலாம். சீனர்கள் நடத்தும் சைவக் கடை இருக்கிறதா என்று தேடுங்கள். பௌத்த வழக்கப்படி சமைக்கும் அத்தகைய கடைகளில் வெங்காயம், பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. ஏகாதசி, அமாவாசை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தட்டில் கோழி, மீன் போல இருப்பது சோயாவிலோ கோதுமையிலோ செய்தது, பயப்பட வேண்டாம். முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய்த் தட்டு அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி. அடுக்குகள் ஹலால் ஒன்று, மற்றது ஒன்று என்று தனித்தனியே இருக்கும். பராட்டாத் தட்டு ஹலால் அடுக்குக்கு, சுவீ குவேத் தட்டு மற்றதற்கு. மாற்றி வைத்துவிட்டால் அது மற்றவர்களின் நம்பிக்கையில் கைவைப்பது. எழுத்தைப் படித்துவிட்டு வையுங்கள்.

டிப்ஸ் கிடையாது, கொடுக்கவும் வேண்டாம். பொட்டலமாக வேண்டும் என்றால் ‘தாபாவ்’ என்று சொன்னால் கட்டித் தருவார்கள். ஆனால் வாசல் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட எந்த நீர்மமும் தாண்டாது. பையில் கட்டிய ஐஸ் கோப்பியும் குழம்பும் அங்கேயே குப்பைக்குப் போகும். வறண்ட பராட்டாவை மட்டும் கொண்டுபோகலாம். வெளியே வாங்கும் காயா ஜாடிக்கும் இதே கதிதான், ஜாம் வகையையும் நீர்மமாகவே கணக்கெடுப்பார்கள். பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் பதிவாகியிருந்தால் அதில் வைக்கவும் முடியாது. இரண்டு தனிப் பயணச்சீட்டுகளில் வந்து, பெட்டியை எடுத்து மறுபடி பதிவு செய்கிறவர்கள் மட்டும் ஜாடியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம்.